"கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று சொல்பவர்களுக்கு

போன வாரம் எங்கள் ஃப்ளாட்டுக்கு முதலாமாண்டுப் பையன் ஒருவன் வந்தான். ஊரிலிருந்து கிரைஸ்ட்சர்ச் வந்து நாலு மாதம்தான் ஆகிறதாம். டீ குடித்து முடித்ததும் மொபைலை நீட்டினான். திரையில் ஒரு வெள்ளை மோட்டார்ஹோம்.

"அண்ணா, இதைப் பாருங்க. செகண்ட் ஹேண்ட்தான், ஆனா டீசல். வாரா வாரம் வாடகை கட்டுறதுக்கு இதை வாங்கிடலாம்னு இருக்கேன். டீசல் வண்டின்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. 2024 மே மாதம் நானும் என் ரூம்மேட்டுகள் இரண்டு பேரும் கண்ணை நன்றாக மூடிக்கொண்டுதான் ஒன்று வாங்கினோம். அவனிடம் அன்று ஒரு மணி நேரம் பேசினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இப்படி அறிவுரை சொல்கிற அண்ணன்மார்களுக்கு ஒரு பதிலாகவும் இருக்கட்டும்.

ஊரில் இருந்து படிக்கிற நண்பர்களுக்காக: மோட்டார்ஹோம் என்பது படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் வைத்துக் கட்டிய வண்டி. நியூசிலாந்தில் இது பெரிய பணக்காரச் சமாச்சாரம் இல்லை. ஓய்வு பெற்றவர்கள், ஊர் சுற்ற வரும் ஐரோப்பியப் பிள்ளைகள், எங்களைப் போன்ற அரைகுறைகள் என்று எல்லாரும் வாங்குவார்கள், விற்பார்கள். வாடகை கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற வண்டிகளும் இதே சந்தைக்குத்தான் வரும். பெரிய வண்டிகள் பெரும்பாலும் டீசல்.

எங்கள் வண்டி 1997 டொயோட்டா ஹைஏஸ். முன்பக்கம் வேன், பின்பக்கம் கட்டிய வீடு, டிரைவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை. 3 லிட்டர் டீசல். விலை 16,000 டாலர். மூன்று பேரின் சேமிப்பும் அதில் போனது. ஒருவனுடைய பங்கு, அவன் அப்பா அடுத்த செமஸ்டருக்கு என்று அனுப்பி வைத்த காசு. விற்றவர்கள் வெளிநாட்டு ஜோடி. ஆறு மாதம் சுற்றிவிட்டு ஊருக்குக் கிளம்புகிறார்கள். நல்ல மனிதர்களாகத்தான் தெரிந்தார்கள். உள்ளே வாசனை மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள். 'என்ன ரசனை பார்த்தியா' என்று நான்தான் சொன்னேன். அந்த வாசனை எதை மறைத்தது என்று பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்து, சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். ஐந்தாவது எலுமிச்சம்பழம் அந்த வண்டியேதான் என்று அப்போது தெரியவில்லை. (அமெரிக்காவில் ஓட்டை வண்டிக்கு எலுமிச்சை என்றுதான் பெயர். அதைப் பற்றிப் பிறகு.)

இனி, நான் கேட்டு நம்பிய பொய்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

பொய் 1: டீசல் சிக்கனம்

பெட்ரோல் பங்கில் விலைப்பலகையைப் பார்த்தால் டீசல் மலிவாகத்தான் தெரியும். காரணம் எளிது. இந்த நாட்டில் பெட்ரோலில் லிட்டருக்குச் சுமார் 70 சென்ட் சாலைக்கான வரி சேர்ந்தே வருகிறது. டீசலில் அது கிடையாது. அதற்குப் பதிலாக, டீசல் வண்டி வைத்திருப்பவன் ஓட்டுகிற தூரத்துக்கு முன்கூட்டியே தனியாகக் காசு கட்ட வேண்டும். ரோடு யூசர் சார்ஜஸ் என்று பெயர். சுருக்கமாக ஆர்.யு.சி. நாங்கள் வாங்கியபோது 3.5 டன் வரையுள்ள வண்டிக்கு 1000 கிலோமீட்டருக்கு 76 டாலர். அதற்கு மேற்பட்ட எடைக்கு வேறு விகிதம்.

கணக்கைப் போடுங்கள். டீசல் லிட்டர் 2 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கிறது என்றால் 24 டாலர். அதே 100 கிலோமீட்டருக்கு ஆர்.யு.சி. 7 டாலர் 60 சென்ட். மொத்தம் 31.60. அதாவது நீங்கள் 2 டாலருக்குப் போட்டதாக நினைக்கிற டீசலின் உண்மையான விலை லிட்டருக்கு 2.63. பலகையில் முக்கால்வாசிச் செலவுதான் எழுதியிருக்கிறது. மீதி தபாலில் வருகிறது.

இதைவிடப் பெரிய வேடிக்கை, பழைய ஓனர் கட்டாமல் விட்ட ஆர்.யு.சி. வண்டியோடு சேர்ந்தே உங்களிடம் வரும். அவன் தின்ற பிரியாணிக்கு நீங்கள் பில். எங்கள் வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த சீட்டில் 2,41,000 கிலோமீட்டர் வரைதான் கட்டியிருந்தது. ஓடோமீட்டரில் 2,52,400. இரண்டு எண்களும் ஒரு முழ இடைவெளியில் இருந்தன. மூன்று பி.காம். மாணவர்கள் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து செல்ஃபி எடுத்தோமே தவிர, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்கவில்லை. 11,400 கிலோமீட்டர். ஆயிரம் ஆயிரமாகத்தான் வாங்க முடியும் என்பதால் 12 யூனிட். 912 டாலர். வாங்கிய மூன்றாம் நாளே கட்டினோம்.

எனக்கு டீசல் மேல் கோபம் இல்லை. கனமான வீட்டை இழுக்க டீசல் என்ஜினின் இழுவை தேவைதான். பெட்ரோலில் அதே எடையை மலையேற்றினால் இன்னும் அதிகம் குடிக்கும். ஆகவே டீசல் வாங்குங்கள், எடைக்காக. சிக்கனம் என்று சொல்லி யாராவது விற்றால் மட்டும் கால்குலேட்டரை எடுங்கள்.

பொய் 2: கிலோமீட்டர் கம்மி, அதனால் நல்ல வண்டி

"டீசல் என்ஜின் அஞ்சு லட்சம் கிலோமீட்டர் ஓடும்டா, இது ரெண்டரைதான்." எங்களுக்கு இதைச் சொன்ன அண்ணன் இன்றும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஓடும். ஒழுங்காக எண்ணெய் மாற்றி, சூடாக விடாமல் வைத்திருந்தால் ஓடும். எங்கள் வண்டியில் இருந்தது டொயோட்டாவின் 1கேஇசட் என்ஜின். தண்ணீர் குறைந்து ஒருமுறை நன்றாகச் சூடேறினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும் என்று அதற்கு ஊரறிந்த பெயர் உண்டு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி எத்தனை கிலோமீட்டர் என்பது இல்லை. "கூலன்ட் எப்போது மாற்றினீர்கள், டைமிங் பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா, நான் வரும்வரை என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருப்பீர்களா?" குளிர்ந்த என்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்து, வருகிற புகையைப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று. மோட்டார்ஹோமுக்கு வயது கூடுவது கிலோமீட்டரில் இல்லை, காலண்டரில். வருடத்தில் பதினோரு மாதம் சும்மா நிற்கிற வண்டி அது. நிற்கும்போதே ரப்பர் காயும், பேட்டரி சாகும், டயர் கெட்டிப்படும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். எங்கள் டயரில் 3211. அதாவது 2011-ஆம் வருடம் 32-ஆவது வாரம் செய்தது. பட்டன் எல்லாம் புதுசு மாதிரி ஆழமாக இருந்தது. பக்கவாட்டில் மட்டும் பாட்டி கை மாதிரிச் சுருக்கம். 13 வருட டயரில் மூன்று பேர் தூங்கிக்கொண்டே மலைப்பாதையில் போயிருக்கிறோம். நாலும் மாற்ற 1,100 டாலர்.

மணப்பாறைச் சந்தையில் மாடு வாங்கப் போனால் என் தாத்தா பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். அவர் பேரன் கொம்பில் அடித்த பெயின்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

பொய் 3: வாஃப் புதுசா இருக்கு

வாரன்ட் ஆஃப் ஃபிட்னஸ் என்பதை இங்கே செல்லமாக வாஃப் என்பார்கள். வண்டியை விற்கும்போது வாஃப் ஒரு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன் என்று வாங்குபவன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது பத்து நாள் முன்பு எடுத்த வாஃப். கவர்ன்மென்ட்டே சர்டிபிகேட் கொடுத்த பிறகு நாம் என்ன பார்ப்பது என்று இருந்துவிட்டோம்.

வாஃப் பார்ப்பது பிரேக், லைட், ஸ்டீயரிங், துரு, டயர் பட்டனின் ஆழம் போன்ற பாதுகாப்பு விஷயங்களை. அதுவும் சோதித்த அந்த ஒரு நாளில். என்ஜின் நன்றாக இருக்கிறதா, கிளட்ச், கியர்பாக்ஸ் எப்படி என்பது அதன் வேலையே இல்லை. கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பதும் அதன் வேலை இல்லை. பரீட்சையில் பாஸ் என்றால் அந்தப் பேப்பரில் பாஸ், அவ்வளவுதான்.

யாரும் சொல்லாத உண்மை: வண்டியைக் கொல்வது தண்ணீர்

இதுதான் இந்தப் பதிவின் முக்கியமான விஷயம். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மோட்டார்ஹோம் வாங்கப் போகிற ஆண்பிள்ளைகள் எல்லாரும் பானெட்டைத் திறந்து மெக்கானிக் மாதிரித் தலையாட்டுகிறோம். ஆனால் பாதிக்கு மேல் காசு போவது பின்னால் இருக்கிற வீட்டுக்கு. அந்த வீட்டின் சுவர் பல பழைய வண்டிகளில் மரச்சட்டம். உள்ளே தெர்மகோல் மாதிரி ஒன்று, வெளியே அலுமினியத் தகடோ ஃபைபர்கிளாஸோ. ஓடும்போது மொத்த வீடும் குலுங்கும். மூலைகளில், ஜன்னல் ஓரங்களில், கூரையில் வைத்த ஜன்னலைச் சுற்றிப் பூசிய பசை வருடங்களில் காய்ந்து வெடிக்கும். அங்கே மழைத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே மரம் ஊறி, பழைய பிஸ்கட் மாதிரி ஆகிவிடும்.

என்ஜின் கெட்டால் சத்தம் போடும், புகை விடும், நின்றுபோகும். மரம் சத்தமே போடாது.

ஜூன் மாதம் கிரைஸ்ட்சர்ச்சில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் இரவு மேல்படுக்கையில் படுத்திருந்த ரூம்மேட் "டேய், யாராவது தண்ணி ஊத்தினீங்களா?" என்று எழுந்தான். மெத்தை நனைந்திருந்தது. மூலையில் கட்டை விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போனது. மிகைப்படுத்தவில்லை நண்பர்களே, விரல் சுவருக்குள் போனது. வெளியே வந்து டார்ச் அடித்துப் பார்த்தால், அந்த மூலையில் மட்டும் பளபளவென்று வெள்ளை சிலிக்கான். மேலே பூசிய மேக்கப். சரிசெய்ய ஒருவர் சொன்ன விலை 6,500 டாலர். பிரித்துப் பார்த்தால் கூடலாம் என்றும் சொன்னார்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். உள்ளே நுழைந்ததும் மூக்கை நம்புங்கள். ஈர மரத்தின் புழுங்கல் வாடை அடித்தால் திரும்பிவிடுங்கள். வாசனைத் திரவியம் அடித்தால் இரண்டு மடங்கு வேகத்தில் திரும்புங்கள். கூரை மூலைகள், ஜன்னலுக்குக் கீழே, மேல்படுக்கையின் உட்பக்கம், அலமாரிக்குள் எல்லா இடத்திலும் கட்டை விரலால் அழுத்துங்கள். தரையில் காலால் அழுத்தி நடந்து பாருங்கள், மெத்தென்று அமுங்கினால் கதை முடிந்தது. பிறகு ஈரம் அளக்கும் கருவி வைத்திருக்கிற மோட்டார்ஹோம் பட்டறைக்காரரிடம் காசு கொடுத்து ஒரு சோதனை. சாதாரணக் கார் மெக்கானிக் சோதனை இதற்குப் போதாது. அவர் என்ஜினைப் பார்ப்பார், வீட்டைப் பார்க்கமாட்டார்.

கழிப்பறையும் சட்டமும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூனில் இங்கே சட்டம் மாறியது. கவுன்சில் நிலத்தில் இலவசமாக இரவு தங்க வேண்டுமானால், அந்த இடத்துக்குத் தனி விலக்கு இல்லாதவரை, வண்டிக்குத் தன்னிறைவுச் சான்றிதழ் வேண்டும். அந்தச் சான்றிதழுக்குக் கழிப்பறை வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்தியிருக்க வேண்டும். தூக்கிவைக்கிற பிளாஸ்டிக் டப்பா செல்லாது. புதுச் சான்றிதழுக்குப் பச்சை அட்டை. பழைய நீல அட்டைகளுக்குக் கொஞ்ச கால அவகாசம் மட்டும் கொடுத்தார்கள். எங்கள் வண்டியில் இருந்தது நீல அட்டையும் பிளாஸ்டிக் டப்பாவும். "சர்டிபிகேட் இருக்கு" என்று விளம்பரத்தில் போட்டிருந்தது பொய்யில்லை. சீக்கிரம் செல்லாக்காசாகப் போகிற சர்டிபிகேட் என்று போடவில்லை, அவ்வளவுதான்.

வாடகை கட்டாமல் வண்டியிலேயே குடியிருக்கலாம் என்று கனவு காண்கிற தம்பிகள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும்.

ஏன் இப்படி நடக்கிறது?

ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் எலுமிச்சைகளின் சந்தை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் இன்னும் இருவரோடு நோபல் பரிசும் பெற்றார். விஷயம் இவ்வளவுதான்: பழைய வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்கமாட்டான், விலகிவிடுவான். மிஞ்சுவது எலுமிச்சை.

இதை இரண்டாம் வருடம் படித்து, பரீட்சையில் வரைபடத்தோடு எழுதி, நல்ல மார்க்கும் வாங்கினேன். அந்த மார்க்கோடு போய்தான் எலுமிச்சை வாங்கினேன்.

வாங்கிப் பட்டவன் என்ற முறையில் அகெர்லாஃப் ஐயாவோடு இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்கிறேன். ஒன்று, இந்தச் சந்தையில் விற்பவன் அடுத்த வாரம் விமானம் ஏறுகிறான். டீலரிடம் வாங்கினால் 1993-ஆம் வருடத்து நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் துணைக்கு வரும். தனி ஆளிடம் வாங்கினால் அது வராது. பொய் சொல்லி விற்றான் என்று வழக்குப் போடச் சட்டத்தில் வழியுண்டு, ஆனால் ஆள் பூமிப்பந்தின் அந்தப் பக்கம் இருந்தால் யார் மேல் போடுவது? இரண்டு, பலசமயம் விற்பவனுக்கே தெரியாது. அவனும் ஆறு மாதம் முன்பு கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவன்தான்.

"எங்க மாமா 1995 வண்டி வாங்கி பத்து வருஷம் ஒரு பிரச்சினையும் இல்லாம ஓட்டினார்" என்பீர்கள். சந்தோஷம். ஒழுகிய வண்டிக்காரன் விருந்தில் வந்து கதை சொல்வதில்லை. ஓடியவன் கதை மட்டும்தான் உங்கள் காதுக்கு வரும்.

"காசு இல்லாதவன் வேற என்னதான் வாங்குறது?" என்பதும் நியாயமான கேள்வி. காசு இல்லாதவனுக்குத்தான் இந்த எச்சரிக்கையே. இருப்பவன் 6,500 டாலர் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவான். கையில் 16,000 இருந்தால் 11,000-க்கு வண்டி பாருங்கள். மீதியைத் தொடாதீர்கள், அது வண்டியின் விலையில் ஒரு பகுதி, இன்னும் பில் வரவில்லை அவ்வளவே. அதற்கும் முன்னால், அதே அளவு வண்டி ஒன்றைக் குளிர்காலத்தில் மூன்று நாள் வாடகைக்கு எடுத்துத் தூங்கிப் பாருங்கள். பலருக்கு ஆசை அந்த மூன்று நாளிலேயே தீர்ந்துவிடும்.

கடைசியில்

நவம்பரில் விற்க முடிவு செய்தோம். வெயில் காலம் தொடங்குகிற நேரம், வாங்க ஆள் வரிசையில் நிற்கும். ஒரு ரூம்மேட் சொன்னான்: "இருபது டாலருக்கு ஒரு சிலிக்கான் ட்யூப் வாங்கிப் பூசிடலாம்டா. நமக்கு அவங்க செஞ்சதுதானே." செமஸ்டர் காசைப் போட்டவன் அவன். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஏனென்றால் அரை நிமிடம் நானும் அதைத்தான் யோசித்தேன்.

பார்க்க வந்தவர்கள் பத்தொன்பது, இருபது வயதுப் பெண்கள் இருவர். பழம் பறிக்கும் வேலை செய்து சேர்த்த காசு. அவர்களும் பானெட்டைத் திறந்து தலையாட்டினார்கள். "கிலோமீட்டர் எவ்வளவு?" என்று கேட்டார்கள். ஒழுகுமா என்று கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லையே.

சிலிக்கான் கதை போட்டவன்தான் முதலில் வாயைத் திறந்தான். மேல்படுக்கை மூலைக்கு அவர்களைக் கூட்டிப்போய், "இங்க விரலை வெச்சு அழுத்துங்க" என்றான்.

அவர்கள் வாங்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, தச்சு வேலை தெரிந்த ஒரு பெரியவர் எல்லாம் தெரிந்தே 9,000-க்கு எடுத்துக்கொண்டார்.

கணக்கு: 16,000 + 912 + 1,100 = 18,012. கழித்தல் 9,000. நஷ்டம் 9,012. ஆளுக்கு 3,004. அந்த வண்டியில் நாங்கள் தூங்கியது மொத்தம் 23 இரவு. ஒரு இரவுக்கு 392 டாலர், டீசல் செலவு தனி. நல்ல ஹோட்டலிலேயே தங்கியிருக்கலாம், காலை டிபனோடு.

எனவே "கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்று சொல்கிற அண்ணன்மார்களே, உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் மூடச் சொல்வது உங்கள் கண்ணை இல்லை. ஊரிலிருந்து அப்பா அனுப்பிய காசை வைத்திருக்கிற ஒரு பையனின் கண்ணை. அவன் ஏமாந்த பிறகு அவன் முன்னால் இரண்டு வழிதான் இருக்கும்: நஷ்டப்படுவது, அல்லது அடுத்தவனை ஏமாற்றுவது. அந்த இடத்தில் அவனைக் கொண்டு நிறுத்தாதீர்கள்.

பி.கு.: முதலாமாண்டுத் தம்பி மறுநாள் மெசேஜ் அனுப்பினான். "அண்ணா, போய் அழுத்திப் பார்த்தேன். மெத்துனு இருந்துச்சு." ஒரு எலுமிச்சம்பழம் மிச்சம் :-)